குழந்தைக்கு கண் ஆபரேஷன்: மூக்குல விடற மருந்துல மிடசோலமா, டெக்ஸா?

கண் ஆபரேஷனுக்கு வர்ற சின்னக் குழந்தைய அம்மா இடுப்புல இருந்து பிரிச்சு தியேட்டருக்குள்ள கொண்டுபோறதே பெரும்பாடு, ஊசியப் பாத்தாலே வீறிடும், சிரப் குடுத்தா பாதிய துப்பிடும், அப்புறம் உள்ள எவ்வளவு போச்சுன்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் குழந்தைய அமைதிப்படுத்தற மருந்த மூக்கு வழியா விடறாங்க. அதுல அதிகம் அடிபடற பேரு ரெண்டு, மிடசோலம், அப்புறம் டெக்ஸ்மெடிடோமிடின், டெக்ஸ்னு சொன்னாலே போதும்.

வேகம்னா மிடசோலம்தான். கிலோவுக்கு 0.2, 0.3 மி.கி. விட்டா 10-15 நிமிஷத்துல குழந்தை அடங்கிடும், நடந்தது பெரும்பாலும் ஞாபகம் இருக்காது, மயக்கம் ஓவராப் போனா முறிக்க ஃப்ளூமசெனில் இருக்கு. ஆனா எரியுமே! அமிலத்தன்மை உள்ள மருந்து, மூக்குல பட்டதும் சுரீர்னு ஏறி கண்ணுல பொலபொலன்னு தண்ணி கொட்டும், தொண்டையில இறங்கினா ஒரே கசப்பு. அழக்கூடாதுன்னு குடுக்கற மருந்தே அழ வைக்குது, அதுலயும் கண்ணுல அடிபட்டு கிழிஞ்சு வந்த குழந்தை முக்கி முக்கி அழுதா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும், அது ஆபத்து. சில குழந்தைங்க அடங்காம இன்னும் முரண்டு பிடிக்கறதும் உண்டு.

டெக்ஸ் எரியாது. அளவும் கொஞ்சம்தான், 15 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம்னு போட்டா மொத்தம் 30, மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் இருக்கற ஆம்பூல்ல இருந்து 0.3 மி.லி. எடுத்து ரெண்டு மூக்குலயும் பாதிப் பாதி ஸ்ப்ரே பண்ணா முடிஞ்சுது. அதே குழந்தைக்கு மி.லி.க்கு 5 மி.கி. இருக்கற மிடசோலம்னா குறைஞ்ச டோஸுக்கே 0.6 மி.லி. ஆகும், அளவு கூடக் கூட மூக்குல நிக்காம தொண்டைக்கு வழிஞ்சிடும். டெக்ஸ்ல இருக்கற தலைவலி நேரம்தான், 30-45 நிமிஷம் காத்திருக்கணும், கேஸ் வரிசையா போற தியேட்டர்ல இதுக்கு யாருக்குப் பொறுமை இருக்கு. அதோட அது சாதாரணத் தூக்கம் மாதிரி, மயக்க வாயு குடுக்கற மாஸ்க்க வெச்சதும் சில குழந்தை முழிச்சிக்கும்.

ஆனாலும் கண் ஆபரேஷன்னா என் ஓட்டு டெக்ஸுக்குத்தான், காரணம் முழிக்கிற நேரம். செவோஃப்ளூரேன்ங்கற மயக்க வாயு குடுத்த மயக்கம் தெளியும்போது கண்ணுல பேட்ச் ஒட்டியிருக்கும், எங்க இருக்கோம்னு புரியாம குழந்தை காலை உதைச்சுக்கிட்டு கை ரெண்டையும் நேரா கண்ணுக்குக் கொண்டுபோகும், தையல் போட்ட கண்ண கசக்கவிடாம ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இந்த ஆர்ப்பாட்டத்தக் குறைக்கறதுல டெக்ஸ் கெட்டி.

மாறுகண் ஆபரேஷன்ல மட்டும் ஒரு ஜாக்கிரதை. கண் தசைய இழுத்தாலே இதயத்துடிப்பு சட்டுனு இறங்கும், டெக்ஸும் துடிப்ப இறக்கற மருந்து, அதனால துடிப்ப ஏத்தற அட்ரோபின் கையிலயே இருக்கணும், சர்ஜன்கிட்ட மெதுவா இழுக்கச் சொல்லணும். கெட்டமின்ங்கற இன்னொரு மயக்க மருந்தையும் சிலர் மூக்குல விடறாங்க, எச்சில் ஊறும், கண்ணு ஆடும், வாந்தியும் வரலாம், ஏற்கனவே வாந்தி அதிகம் வர்ற மாறுகண் கேஸுக்கு அத மட்டும் தனியா விடச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்.

எதுவா இருந்தாலும் டோஸ முடிவு பண்ணவேண்டியது மயக்க டாக்டர்தான். குழந்தைக்கு சளி ஒழுகுதா, ராத்திரி குறட்டை விடுதா, இதயக் கோளாறு இருக்கான்னு அவர் கேக்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்க, சளி அடைச்ச மூக்குல மருந்து சரியா ஏறாது. விட்டதுக்கப்புறம் மடியில தூங்குதேன்னு அசந்துடாதீங்க, விரல்ல ஆக்சிஜன் பாக்கற கிளிப் மாட்டி பக்கத்துல நர்ஸ் ஒருத்தர் இருந்தே ஆகணும்.