அஸ்தம்பட்டி குழந்தைகள் மனநல ஆலோசனை மையம்: எங்கள் அனுபவம்

அடி உதையில் வளர்ந்து, இப்போது எங்கள் பராமரிப்பில் இருக்கும் அண்ணன் மகனைச் சேலத்திலுள்ள இந்த மையத்திற்கு அழைத்துச் செல்கிறோம். உளவியலாளர் அவனைக் கேள்விகளால் துளைக்காமல், பாயில் உடன் அமர்ந்து, முகப்படங்களைப் பரப்பி வைத்தார். எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தைக்கூட அவன் “கோவமா இருக்காங்க” என்றான். உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்ட குழந்தைகள் மிகக் குறைந்த அறிகுறிகளைக் கொண்டே முகத்தில் கோபத்தைக் கண்டுகொள்வதாக சேத் போலக், பவன் சின்ஹா ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வை அவர் பொறுமையாக விளக்கிய பின்னர், அவன் வெடுக்கென்று சீறுவது திமிரல்ல, தற்காப்பே என்பது வீட்டுப் பெரியவர்களுக்கும் புரிந்தது. அந்த விளக்கத்திற்காகவே கட்டணம் தகும். ஆனால் உள்ளே பேசுவது காத்திருப்போர் காதில் விழுகிறது. இத்தகைய குழந்தைகள் வரும் இடத்தில் இது பெருங்குறை, உடனே சரிசெய்ய வேண்டும். ஏற்காட்டிலிருந்து வருவோர் கூட்டமில்லாத காலை நேரத்தை முன்பதிவு செய்துகொள்வது நல்லது.