தீர்த்தன் ஆற்றுக்கு எந்தத் தூண்டில்: ரீல் வைத்ததா, டென்காராவா?

இமாச்சலில் தீர்த்தன் ஆற்றில் பிரவுன் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டிலும் வீசுவது ஃப்ளை, அதாவது பூச்சி போலச் செய்த தூண்டில் முள். ஒன்பது அடிக் கோல் (ஃப்ளை ராட்), நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல், கனமான நரம்பு என்பது மேற்கத்திய முறை. டென்காரா ஜப்பானிய மலையோடைகளில் பிறந்தது. ரீல் கிடையாது, பன்னிரண்டு அடிக்கு நீளும் கோலின் நுனியிலேயே நரம்பைக் கட்டிவிடுவார்கள். என்னிடம் இரண்டும் உண்டு. ஆற்றங்கரைக் கிராமமான குஷைனிக்கு மேலே ஏறும்போது டென்காராதான் என்னோடு வரும்.

மடக்கினால் இரண்டடிக்குள் அடங்கிவிடும், எடையும் குறைவு. அதெல்லாம் பார்த்தாலே தெரியும். என்னை மாற்றியது தண்ணீரின் போக்கு.

மேல் தீர்த்தன் முழுக்கப் பாறை. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சீறிப் பாயும்; ஒவ்வொரு பாறைக்கும் பின்னால் ஒரு மேசையளவு இடம் அமைதியாகக் கிடக்கும். மீன் நிற்பது அங்கேதான். ரீல் நரம்பை வீசினால், ஃப்ளை சரியான இடத்தில் விழுந்தாலும், நடுவில் ஓடும் வேகநீர் நரம்பை வளைத்து இழுக்கும். உடனே ஃப்ளையும் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். அப்படி ஓடும் பூச்சியைப் பிரவுன் டிரவுட் பெரும்பாலும் சீண்டாது. நரம்பைத் தூக்கி நீரோட்டத்தின் மேல்பக்கம் போட்டுச் சரிசெய்யலாம்தான், ஆனால் அவ்வளவு சின்ன இடத்தில் அதற்கு நேரமே இருக்காது. டென்காராவில் கோலை உயர்த்திப் பிடித்தால் போதும். கடைசி மெல்லிய நரம்பு மட்டும் நீரைத் தொடும், ஃப்ளை போட்ட இடத்திலேயே நிற்கும். எட்டும் தூரம் குறைவென்பதால் பாறைக்குப் பின்னால் மண்டியிட்டு நெருங்க வேண்டும். அந்த நெருக்கத்தில் மீன் வாய் திறக்கும்போது உள்ளே வெள்ளை தெரியும். இந்தக் காட்டாற்றுக்கு என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது அதுதான்.

பராமரிப்பில் ஒரு விஷயம். கோலின் நுனி மிக மெல்லியது, எளிதில் உடையும். அடிமூடியைத் திருகினால் பாகங்கள் கழன்று வரும். கையில் மாற்று நுனி இருந்தால் ஆற்றங்கரையிலேயே பொருத்திவிடலாம். மணல் ஏறினால் பாகங்கள் இறுகிக்கொள்ளும், அதனால் இரவில் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள்.

காற்று பலமாக அடித்தால் ரீல் நரம்புதான் நேராகப் போகும். பெரிய மீன் ஓடினாலும் டென்காராவில் விட்டுக்கொடுக்க நரம்பு இல்லை. ஏரியில் நான் அதைப் போட்டதில்லை. ராம்கங்கை ஆற்றின் மஹ்சீர் என்ற பெரிய மீனுக்கும் முயன்றதில்லை. அங்கே யோசிக்காமல் ரீலை எடுப்பேன்.

எதை எடுத்தாலும் மீன்வளத் துறை உரிமம் வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட் முட்டையிடும் காலம், பிடிக்கத் தடை.