ரிச்சி தெருவில் லேப்டாப் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சென்னை ரிச்சி தெருவில் நாணயமான கடைகள் நிறைய இருக்கின்றன, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் தங்கையின் லேப்டாப்பில் ஒரு கடைக்காரர் செய்த வேலையைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை.

ஆன் செய்தால் லோகோ வரும், கீழே புள்ளிகள் சுற்றும், 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று காட்டிவிட்டுத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும், மறுபடியும் முதலில் இருந்து. இதுதான் பிரச்சினை. கடையில் பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு சார், சிப் லெவல் வேலை, வச்சிட்டுப் போங்க" என்றார்கள். அதாவது மதர்போர்டில் சிப்பைச் சால்டரிங் செய்து (பற்றவைத்து) சரிசெய்யும் வேலையாம். லோகோவும் எழுத்தும் திரையில் தெளிவாக வருகிறதென்றால் பெரும்பாலும் கோளாறு விண்டோஸிலோ, ஃபைல்கள் இருக்கும் டிஸ்கிலோதான் இருக்கும். பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் செட்டிங்ஸ் திரை) போய் டிஸ்க் தெரிகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும், அதைக்கூடச் செய்யாமல் 6,500 ரூபாய் கேட்டார்கள். ப்ராஜெக்ட் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கிவிட்டதால் சரி என்றோம், டேட்டா முக்கியம் என்று அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.

திரும்பி வந்த லேப்டாப் ஆன் ஆனது, ஆனால் ஒரு ஃபைல்கூட இல்லை. கேட்டால் ஃபார்மேட் பண்ணாமல் முடியாதாம். அப்புறமும் ஏதோ உறுத்தவே, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் ஓடிய நேரம் 19,000 மணிக்கும் மேல்! லேப்டாப் வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை. இரண்டு வருடம் இரவு பகலாக ஓடினாலே 17,520 மணிதான். எங்கள் டிஸ்க்கான எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொண்டு அதே 512 ஜிபியில் எங்கேயோ அடிபட்ட பழசை மாட்டியிருக்கிறார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் பின்மூடியைத் திறந்து பார்த்தார், போர்டில் சால்டரிங் வைத்த தடயமே இல்லை.

பணம்கூடப் பரவாயில்லை. அந்த எஸ்எஸ்டியில் அப்பாவின் ஆதார், பான் ஸ்கேன்களும் வீட்டுப் படங்களும் இருந்தன, அது இப்போது யார் கையில் இருக்கிறதோ என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

தயவுசெய்து கடையில் உங்கள் கண்ணெதிரே மூடியைக் கழற்றச் சொல்லி, எஸ்எஸ்டி, ரேம் இரண்டின் ஸ்டிக்கரையும் சீரியல் நம்பர் தெரிய போட்டோ எடுங்கள், அதே நம்பர்களை ஜாப் ஷீட்டில் (கடையில் கொடுக்கும் வேலைச் சீட்டு) எழுதி வாங்குங்கள். முடியாது என்று முறைத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பேக்கப் இல்லாத டிஸ்க் என்றால் அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவது இன்னும் நல்லது, போர்டுதான் கோளாறு என்பவருக்கு உங்கள் டிஸ்க் எதற்கு?

கடையில் போய்க் கேட்டதற்கு "நாங்க மாத்தலை, ப்ரூஃப் காட்டுங்க" என்றார்கள். அவர்கள் கொடுத்தது ஜிஎஸ்டி எண்கூட இல்லாத துண்டுச் சீட்டு, ஆனால் யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவு என்னிடம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்துவிட்டேன். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.