பழைய ஜீப்பில் கையால் பூட்டும் ஹப்: டெல்டா சேற்றில் நீண்டகாலப் பயன்பாடு

முன்சக்கரத்தில் வெறும் ஃபிளாஞ்ச் (சக்கரத்தை ஆக்சிலோடு எப்போதும் பிணைத்து வைக்கும் தட்டு) மட்டும் உள்ள பழைய மகிந்திரா ஜீப்களில், லிவரை டூ வீலில், அதாவது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில், வைத்து ஓட்டினாலும் முன் ஆக்சில், கிரவுன் (ஆக்சில் நடுவிலுள்ள பெரிய பல்சக்கரம்), ஜாயிண்ட் ஷாஃப்ட் எல்லாம் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஃபிளாஞ்சுக்குப் பதில் பூட்டும் ஹப் போட்டால், வேண்டும்போது டயலைத் திருப்பிச் சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கலாம், வேண்டாதபோது விடுவிக்கலாம்; விடுவித்தால் அந்த வீண் சுற்று நிற்கும். மைலேஜை நம்பி வாங்க வேண்டாம், அதில் பெரிய வித்தியாசம் இல்லை. யூஜேவும் (ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயிண்ட்) ஆயில் சீலும் கூடுதல் காலம் உழைக்கும், தார் ரோட்டில் இரைச்சல் குறையும். அதற்காகவே போடலாம்.

கடைக்குப் போகும் முன் ஆக்சில் முனையில் பற்களை எண்ணிவிடுங்கள். வில்லிஸ் வழிவந்த ஆக்சிலில் 10 பல் இருக்கும். ஆக்சில் மாற்றிய வண்டி என்றால் 27 பல்லும் இருக்கலாம். ஹப்போடு புது பேக்கிங் 2, சர்க்ளிப் (ஆக்சில் முனையில் மாட்டும் பூட்டு வளையம்) 2, வீல் பேரிங் சீல் 2, லாக் வாஷர் 2 வாங்குங்கள். ஹப் உடல் தடிமனாக இருந்தால் பழைய போல்ட் நீளம் பத்தாது. நாலு மரையில் பிடித்து நிற்கும் போல்ட் சேற்றில் திணறும்போது அறுந்துவிடும்.

சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மூடி, சர்க்ளிப், போல்ட் என்ற வரிசையில் கழற்றி ஃபிளாஞ்சை உருவுங்கள். பேரிங்கைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சக்கரத்தைச் சுற்றியபடியே உள் நட்டை இறுகும் வரை முடுக்கி, பிறகு சுமார் 1/6 சுற்று தளர்த்தி, லாக் வாஷரும் வெளி நட்டும் போடுங்கள். உளி வைத்து நட்டைத் தட்டுவது அடுத்த முறை கழற்றுபவருக்குச் செய்யும் கொடுமை. அதற்கான சாக்கெட் கிடைக்கிறது. ஹப் ஒட்டும் முகத்தில் கிரீஸ் இருக்கவே கூடாது, பெட்ரோலில் துடைத்து போல்ட்களை எதிரெதிராக முடுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்கிப் பாருங்கள். உள்ளே கிரீஸ் மெல்லிய பூச்சுதான். அமுக்கி நிரப்பினால் பூட்டும் வளையம் நகராமல் பாதிப் பல்லில் நின்று தேய்ந்துபோகும்.

டெல்டாவில் ஹப்பைக் கெடுப்பது தண்ணீர். ஓடிச் சூடான ஹப் வாய்க்காலில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே நீரை உறிஞ்சும். கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். வடகிழக்குப் பருவம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்ப்பது கட்டாயம். வேதாரண்யம் பக்கம் உப்பள வழியில் ஓடும் வண்டிக்கு இன்னும் அடிக்கடி.

தானாகப் பூட்டும் ஹப் உள்ள வண்டிக்காரர்கள் கையால் பூட்டுவதற்கு மாறுவது இங்கே நியாயமான செலவு. சம்பா வயலோரக் களிமண்ணில் புதைந்த வண்டியை முன்னும் பின்னும் ஆட்டித்தான் எடுக்க வேண்டும். திசை மாறும் ஒவ்வொரு முறையும் தானியங்கி ஹப் விட்டுப் பிடிக்கும், அந்த அடியிலேயே உள் பாகம் உடையும். கையால் பூட்டியது அப்படியே நிற்கும். ஆனால் சேற்றில் இறங்கும் முன்பே இரண்டு பக்கமும் பூட்டிவிடுங்கள். ஒன்று திறந்திருந்தால் டிஃப்ரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) அந்தப் பக்க ஷாஃப்ட்டையே சும்மா சுற்றவிடும், முன்சக்கரம் இழுக்காது.

ஹப்பின் டயல் திரும்பவில்லை என்றால் பிளையரை எடுக்காதீர்கள். வண்டியை ஓரடி நகர்த்தினால் பல் சேர்ந்துவிடும். கோடையிலும் மாதம் ஒருமுறை பூட்டி, டூ வீலிலேயே சில கிலோமீட்டர் ஓட்டினால் முன் கிரவுனில் எண்ணெய் ஏறும். கழற்றிய ஃபிளாஞ்ச் இரண்டையும் பழைய போல்ட்களோடு சீட்டுக்கடியில் போட்டு வையுங்கள். ஹப் உடைந்தால் வயலோரத்திலேயே மாட்டி வெளியே வந்துவிடலாம்.