ஹார்ஸ்ஷூ பெண்டா, டெட் ஹார்ஸ் பாயிண்டா? குடும்பத்தோட போறவங்களுக்கு

ரெண்டுமே அமெரிக்காவுல கொலராடோ ஆறு வளைஞ்சு திரும்புறத மேல நின்னு பாக்குற இடம்தான், ஒண்ணு அரிசோனால பேஜ் ஊருக்கு பக்கத்துல, இன்னொண்ணு யூட்டால மோவாப் பக்கம். லீவு கம்மியா இருக்கு, எதுக்கு போறதுன்னு குழம்புறவங்களுக்காக எழுதுறேன்.

செலவு: ஹார்ஸ்ஷூல காருக்கு 10 டாலர் பார்க்கிங். டெட் ஹார்ஸ் ஸ்டேட் பார்க், அதவிட கூட. நேஷனல் பார்க் பாஸ் ரெண்டு இடத்துலயும் செல்லாது, அத நம்பி போகாதீங்க.

நடை: இதுதான் முக்கியம். ஹார்ஸ்ஷூல போக வர கிட்டத்தட்ட 1.5 மைல், பாதை நல்லாத்தான் போட்டிருக்காங்க, ஸ்ட்ரோலர் போகும், ஆனா நிழல் ரொம்ப கம்மி, திரும்பி வர்றப்ப ஏத்தம் வேற, ஜூலை மத்தியானம் தாத்தா பாட்டிய தயவுசெஞ்சு கூட்டிட்டு போயிடாதீங்க. டெட் ஹார்ஸ்ல கார விட்டு இறங்குனா கொஞ்ச தூரத்துலயே வியூ.

உயரம்: ஹார்ஸ்ஷூல ஆறு சுமார் 1000 அடி கீழ, டெட் ஹார்ஸ்ல 2000 அடி. ஹார்ஸ்ஷூல கம்பி வேலி ஒரு பகுதிக்கு மட்டும்தான், அத தாண்டுனா வெறும் பாறை விளிம்பு, சின்னப் பசங்க கைய விடவே கூடாது.

வெளிச்சம்: ஹார்ஸ்ஷூ மேற்க பாத்த மாதிரி இருக்கும், சாயங்காலம் வெயில் நேரா கேமராவுல அடிக்கும், அதனால காலைல வெயில் கொஞ்சம் ஏறுனப்புறம் போங்க, இல்லன்னா பள்ளம் பூரா நிழல். டெட் ஹார்ஸ்ல சூரிய உதயம் அவ்ளோ அழகு, ராத்திரி நட்சத்திரமும் அள்ளும்.

லாஸ் வேகாஸ்ல இருந்து கிளம்பி, பேஜ் பக்கத்துல இருக்குற ஆன்டலோப் கேன்யனும் சேத்து பாக்கணும்னா ஹார்ஸ்ஷூ. பெரியவங்க கூட இருந்தா, மோவாப் பக்கத்துல இருக்குற ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் நேஷனல் பார்க்கெல்லாம் பிளான்ல இருந்தா, யோசிக்கவே வேணாம், டெட் ஹார்ஸ்தான்.