அந்தமான் கப்பலில் பறவை பார்க்கச் செல்வோர் கவனத்திற்கு: திறந்த மேல்தளம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குச் செல்லும் வழியில் கடற்பறவைகளைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நானும் என் அக்காவும் கடந்த பிப்ரவரியில் அந்தமான் சென்றோம். எங்களுக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர் தமிழர். "மேல்தளத்தில் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் படம் எடுக்கலாம், அக்கா" என்று உறுதி சொல்லி, அதற்கென்றே இருவருக்கும் சேர்த்து 2,000 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார். ஊரை விட்டு அவ்வளவு தூரத்தில் தமிழ்க் குரல் கேட்டதும் வேறு எதையும் விசாரிக்கத் தோன்றவில்லை.

ஏறிய பிறகுதான் தெரிந்தது, அது முழுக்க மூடிய, குளிரூட்டப்பட்ட விரைவுக் கப்பல் என்பது. கப்பல் ஓடும்போது பயணிகள் எவரும் வெளியே வரக் கூடாது என்று ஊழியர் சொல்லிவிட்டார். உப்புப் படிந்த கண்ணாடிக்கு அப்பால் வெண்மையாக ஏதோ இரண்டு முறை பறந்தது. இன்ன பறவை என்று அறியுமுன் மறைந்தது. ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். முகவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, கப்பல் நிறுவனம் விதியை மாற்றிவிட்டதாகச் சொன்னார். நிறுவன ஊழியரோ, அந்தக் கப்பலில் பயணிகளுக்குத் திறந்த தளம் என்றுமே இருந்ததில்லை என்றார். பணம் திரும்பி வரவில்லை.

திரும்பும்போது அரசுக் கப்பலில் வந்தோம். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். கட்டணமோ மிகக் குறைவு. திறந்த தளத்தில் காற்றில் நின்றுகொண்டு, கண்ணிலிருந்து பிடரி வரை கருங்கோடு ஓடும் வெள்ளை ஆலாக்களையும், மஞ்சள் அலகும் கலைந்த கொண்டையும் கொண்ட பெரிய ஆலாக்களையும் கண்டோம். அடியிலிருந்து பெரிய மீன்கள் விரட்டியதால் சிறுமீன்கள் மேலே துள்ளிய ஓரிடத்தில் அவை கூட்டமாய்க் கூடி, ஒவ்வொன்றாகத் தலைகீழாய்ப் பாய்ந்தன. கரை நெருங்கியபோது வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்று சிறகுகளை மேல்நோக்கி விரித்தபடி வட்டமிட்டது. அக்கா தொலைநோக்கியை என்னிடம் தரவே இல்லை.

ஆகவே முகவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், கப்பலின் பெயரையும், ஓடும்போது வெளித்தளத்தில் நிற்க அனுமதி உண்டா என்பதையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். அரசுக் கப்பல்களில் தீவு மக்களுக்கே முன்னுரிமை என்பதால், அடையாள அட்டையுடன் முன்கூட்டியே சீட்டுக்கு முயலுங்கள். எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், பணம் அனுப்பிய ரசீதை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளித்திருக்கிறோம்.