பிக்கப்புக்குப் பெரிய டயர்: சஸ்பென்ஷனைத் தொடாமல் எது பொருந்தும்?

பிக்கப் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பலருக்கும் கண் போவது டயர்மேல்தான். மட்கார்டுக்குள் டயர் சின்னதாகத் தெரியும், சுற்றிலும் இடம் காலியாகக் கிடப்பதுபோலத் தோன்றும். அந்த இடம் காலி இல்லை. பள்ளம் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கவும், ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது திரும்பவும் ஒதுக்கி வைத்தது அது. சஸ்பென்ஷனை அப்படியே விட்டுவிட்டு, அல்லது ஓரிரு அங்குலம் மட்டும் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் எதைப் போடலாம் என்று பார்ப்போம்.

ஒப்பிட ஓர் அடிப்படை அளவு வேண்டும். ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்ற நடுத்தர பிக்கப்களின் பல மாடல்களில் வரும் 265/65 ஆர்17 என்ற டயரையே எடுத்துக்கொள்கிறேன். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவாலின் (டயரின் பக்கச்சுவர்) உயரம் என்பது. 17 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த மூன்றையும் வைத்து எந்த டயரின் வெளி விட்டத்தையும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

| டயர் | விட்டம் (மி.மீ.) | வண்டி உயர்வது (மி.மீ.) | மீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் |
|---|---|---|---|
| 265/65 ஆர்17 | 776 | – | 100 |
| 265/70 ஆர்17 | 803 | 13 | 103.4 |
| 285/70 ஆர்17 | 831 | 27 | 107 |
| 255/80 ஆர்17 | 840 | 32 | 108.2 |

இது காகிதக் கணக்கு. ஒரே அளவு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நிஜ அளவு சற்று மாறும். பட்டன் (மேற்பரப்பின் ரப்பர் கட்டைகள்) பெரிதாக இருக்கும் மட் டயர், அதே அளவுள்ள ஆல்-டெரெய்ன் (எல்லாப் பாதைக்குமான) டயரைவிட முன்னதாகவே உரசும். ஏனென்றால் முதலில் போய் இடிப்பது டயரின் தோள்பகுதிதான், அங்கேதான் மட் டயரின் பட்டன்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன.

கடைசி இரண்டையும் பேச்சுவழக்கில் "33 இன்ச்" என்றே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஸ்டாக் (கம்பெனியில் வந்தபடியான) சஸ்பென்ஷனில் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு.

265/70: வம்பில்லாத தேர்வு

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அகலம் மாறவில்லை, ஆரம் 13 மி.மீ. கூடுகிறது. கம்பெனி ரிம்மோடு பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்துவிடும். மட்ஃப்ளாப் ஓரத்தில் எங்காவது லேசாகத் தொட்டால், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கொஞ்சம் தள்ளிவிட்டாலே போதும். சைடுவால் உயரம் கூடுவதால் கரடுமுரடான பாதையில் ஓட்டமும் மென்மையாகும். வேலைக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டியை வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

285/70: எல்லாரும் ஆசைப்படுவது

பார்வைக்கு இதுதான் அழகு. சிக்கல் அகலத்தில் இருக்கிறது. 20 மி.மீ. கூடுகிறது என்றால் உள்பக்கம் 10, வெளிப்பக்கம் 10. கம்பெனி ரிம்மில் போட்டால் உள்பக்க சைடுவால், சக்கரத்தைத் தாங்கும் மேல் கண்ட்ரோல் ஆர்முக்கும், சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளுக்கும் 10 மி.மீ. நெருங்கிவிடும். சில வண்டிகளில் அங்கே ஒரு விரல் நுழையும் இடைவெளிதான் மிஞ்சும். அந்த இடைவெளியில் மாட்டும் ஒரு சின்னக் கல் சைடுவாலை அறுத்துக்கொண்டே வரும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது. தவிர, கம்பெனி ரிம் 7.5 அங்குல அகலம் என்றால், அது இந்த டயருக்கு அனுமதிக்கப்பட்ட அகலத்தின் கீழ்வரம்பு.

அடுத்த இடைஞ்சல் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. கேபினைச் சேஸிஸோடு பிணைக்கும் இரும்பு பிராக்கெட் அது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுசாக ஒடித்தால் வலது சக்கரத்தின் பின்பகுதி உள்ளே திரும்பி, அந்த பிராக்கெட்டின் மூலையை நோக்கிப் போகும். இடப்பக்கம் ஒடித்தால் இடது சக்கரம். உரசுகிறதா என்று தெரிந்துகொள்ள லைனரின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். மண் படிந்து மங்கலாக இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பாக, நடுவே கறுப்பு ரப்பர் தீற்றலோடு இருந்தால் டயர் அங்கே போய் வருகிறது. லைனர் தேய்வது பெரிய விஷயமில்லை. அதன் பின்னாலிருக்கும் இரும்பு விளிம்பு தட்டுப்பட ஆரம்பித்தால்தான் ஆபத்து, அது டயரை வெட்டும்.

பிராக்கெட்டின் மூலையை வெட்டிவிட்டு, மேலே தகடு வைத்து வெல்டிங் செய்வது பலரும் செய்யும் வழி. நல்ல கை செய்தால் நிற்கும். ஆனால் அது வண்டியின் கட்டமைப்பில் ஒரு பாகம். வெட்டிய இடத்தைச் சரியாக மூடிப் பெயிண்ட் அடிக்காவிட்டால் துரு பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் அலைன்மென்ட்டில் ஒரு வழி இருக்கிறது. கீழ் கண்ட்ரோல் ஆர்மில் கேம் போல்ட் (திருகினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) உள்ள வண்டிகளில், சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லலாம். காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) கூடும், நேர்பாதையில் வண்டி இன்னும் நிதானமாகப் போகும், பிராக்கெட்டிலிருந்தும் டயர் விலகும். வெட்டுவதற்கு முன் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

அதே 285, ஆனால் வெளியே தள்ளிய ரிம்

உள்ளே இடிக்கிறதா, ஆஃப்செட் (ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டும் தளம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்பது) குறைந்த ரிம் போட்டு வெளியே தள்ளிவிடலாம் என்பது அடுத்த யோசனை. கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் ஆலோசனையும் இதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை, காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

கம்பெனி ரிம் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் +30 என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்துவிட்டு 8.5 அங்குலம், ஆஃப்செட் 0 ரிம்மைப் போடுகிறீர்கள். உள்பக்கம் 17 மி.மீ. இடம் கிடைக்கும், சரி. வெளிப்பக்கம் ரிம் 43 மி.மீ. நீட்டிக்கொள்ளும். வெளியே நீட்டுவது மட்டும் என்றால் மட்கார்டு ஃபிளேர் வைத்து மறைத்துவிடலாம். ஆனால் சக்கரம் திரும்புவது தன் நடுவைச் சுற்றி இல்லை, உள்ளே இருக்கும் ஸ்டீயரிங் அச்சைச் சுற்றி. அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு பெரிய வளைவில் அது வீசும். 35 டிகிரி ஒடிப்பில், ரிம்மின் வெளி விளிம்பு தள்ளிப்போன அந்த 43 மி.மீ. ஏறக்குறைய 25 மி.மீ. பின்னோக்கி நகர்வதாக மாறும். 265/65-இலிருந்து 285/70-க்குப் போனதில் ஆரம் கூடியதே 27 மி.மீ.தான். அதாவது ரிம் ஒன்றை மாற்றியதிலேயே, கேபின் பிராக்கெட் பக்கம், இன்னொரு டயர் அளவு ஏறியதற்குச் சமமான இடத்தை இழக்கிறீர்கள். வீல் பேரிங்குக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் சுமை கூடும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால் ஸ்டீயரிங் கையில் உதறும்.

285 போட்டே ஆக வேண்டும் என்றால் 8 அங்குல அகல ரிம்மை, கம்பெனி ஆஃப்செட்டை ஒட்டியே தேடுங்கள். மேல் ஆர்ம் தப்பிக்கத் தேவையான சில மில்லிமீட்டர் மட்டும் வெளியே வந்தால் போதும்.

255/80: உயரமும் ஒல்லியும்

நான்கில் உயரமானது இதுதான், அகலத்திலும் இதுதான் குறைவு. 265-ஐவிட உள்பக்கம் 5 மி.மீ. கூடுதல் இடம், 285-ஐவிட 15 மி.மீ. கம்பெனி ரிம்மிலேயே உட்காரும். தோள்பகுதி உள்ளடங்கி இருப்பதால் ஒடிக்கும்போது பிராக்கெட்டின் மூலைக்கும் 285 அளவுக்குப் போகாது. இடிக்கவே இடிக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆரம் 32 மி.மீ. கூடுகிறது, அதனால் லைனரின் முன்னும் பின்னும் ஹீட் கன் வைத்து இளக்கித் தள்ள வேண்டிவரும், மட்ஃப்ளாப்பைக் கழற்றவும் நேரலாம். ஆனால் இரும்பை வெட்டும் நிலை வருவதற்கு வாய்ப்பு குறைவு.

குறையும் உண்டு. இந்த அளவில் கிடைக்கும் டயர் மாடல்கள் மற்றவற்றைவிடக் குறைவு. பெரும்பாலும் கனமான எல்டி (லைட் டிரக், சுமை வண்டிக்கான) வகையாகவே வரும். ஆழமான மணலில் அகல டயர் தரும் மிதப்பு இதில் கொஞ்சம் குறையும், காற்றை இறக்கி ஓட்டினால் பெருமளவு ஈடாகும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கம்பீரமாக இருக்கும், பின்னால் நின்று பார்த்தால் ஒல்லியாகத் தெரியும். அதைப் பொருட்படுத்தாதவர்களுக்கு, ஸ்டாக் சஸ்பென்ஷனில் உயரம் வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஓர் அங்குலம் தூக்கினால் சரியாகிவிடுமா?

ஷாக்கின் தலைக்கு மேலே வைக்கும் ஸ்பேசர் எளிய வழி. அதன் தடிமனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வண்டி உயரும், ஏனென்றால் ஷாக் நிற்பது ஆர்மின் நடுப்பகுதியில். சாதாரண ஓட்டத்தில் உரசல் குறையும். ஆனால் சக்கரம் மேலே போகும் கடைசி எல்லையைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பு. ஸ்பேசர் அதைத் தொடுவதே இல்லை. பெரிய குழியில் முழுசாக அமுங்கும்போது டயர் பழைய இடத்துக்கே போய் இடிக்கும். ஸ்பேசர் தடிமனாகிவிட்டால் இன்னொரு கேடு: பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளே முட்டிக்கொள்ளும். உயர்த்துவது என்றால் அந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் ஷாக்கும் போடுவதுதான் முறை.

அதனால் சோதனையைச் சமதரையில் ஸ்டீயரிங்கை ஒடித்துப் பார்ப்பதோடு முடிக்கக் கூடாது. ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி, முழுசாக அமுங்கிய நிலையில் இரு பக்கமும் ஒடிக்க வேண்டும், ரிவர்ஸிலும் ஒருமுறை. துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மெக்கானிக்கிடம் சொல்லி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் மாட்டி, பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஜாக்கியால் தூக்கிப் பார்க்கலாம். வேலை அதிகம்தான், ஆனால் அதற்கப்புறம் சந்தேகம் என்பதே இருக்காது.

எடையும் காற்றும்

கம்பெனி டயரை எடுத்துவிட்டு பத்து-பிளை எல்டி டயர் போட்டால் ஒரு சக்கரத்துக்குப் பல நேரம் 5 கிலோவுக்கு மேல் கூடும். அதுவும் சுழலும் எடை. பிரேக் பிடிக்கும் தூரமும் வண்டியின் இழுவையும் இரண்டுமே பாதிக்கப்படும். 3.9 என்றிருந்த ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 285/70-இல் 3.64 போலவும், 255/80-இல் 3.6 போலவும் நடந்துகொள்ளும். மேட்டில் ஒரு கியர் குறைத்தே ஏற வேண்டிவரும். மைலேஜ் குறைவது உண்மை. ஆனால் முழுப்பழியையும் டயர்மேல் போடுமுன் மீட்டரைத் திருத்துங்கள்: 285/70-இல் ஓடோமீட்டர் 500 கி.மீ. காட்டினால் வண்டி 535 கி.மீ. ஓடியிருக்கும்.

எல்டியில் எதை வாங்குவது? சி, ஈ என்பவை டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான ரகங்கள், ஈ என்பதுதான் பத்து-பிளை. 285/70 ஆர்17 டயரே சி ரகத்தில் சுமை எண் 116-உடன், 50 பிஎஸ்ஐ காற்றில் 1,250 கிலோ தாங்கும். ஈ ரகத்தில் 121, அதாவது 80 பிஎஸ்ஐயில் 1,450 கிலோ. கம்பெனி டயரில் வழக்கமாக உள்ள 112 என்ற எண்ணுக்கு 1,120 கிலோ. தினமும் கனத்த லோடு ஏற்றாதவர்களுக்கு சி ரகமே தாராளம், எடையும் குறைவு, ஓட்டமும் இதம். கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும் காற்றழுத்தம் எல்டி டயருக்குப் பொருந்தாது. அதே சுமையைத் தாங்க எல்டிக்குக் கூடுதல் காற்று வேண்டும், டயர் கம்பெனியின் சுமை-அழுத்த அட்டவணையைப் பார்த்தே நிரப்ப வேண்டும்.

கடைசியாக ஸ்டெப்னி. நான்கு டயர் மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஸ்டெப்னியை வைத்துக்கொள்வது ஃபோர்-வீல் டிரைவ் வண்டிகளில் வினையாகும். ஒரு சக்கரம் மட்டும் 7, 8 சதவீதம் சின்னதாக இருந்தால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடேறும், ஏபிஎஸ்ஸும் குழம்பும். லோடு பெட்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தை, சைலன்சர் குழாய்க்கும் பின் ஸ்பிரிங்குக்கும் நடுவே டேப் வைத்து அளந்து பாருங்கள். 255/80-இன் 840 மி.மீ. அங்கே நுழைந்தால் ஐந்து டயராக ஆர்டர் கொடுங்கள். நுழையாவிட்டால் ஸ்டெப்னிக்குப் பெட்டிக்குள் இடம் ஒதுக்குங்கள், அல்லது 265/70-க்கு இறங்கி வாருங்கள்.